லொறி ஓட்டத் தெரியும், சரி. எங்கே நிறுத்தப் போகிறீர்கள்?

கனரக வாகன லைசென்ஸ் கிடைத்த கையோடு லொறி ஏறும் தம்பிமார் இலங்கையின் கிழக்குக் கரையில் எங்கள் பக்கம் இப்போது கூடிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் தேத்தண்ணிக் கடையில் அவர்கள் பேசுவது முழுக்க ஓட்டத்தைப் பற்றித்தான். மஹியங்கனைப் பதினெட்டு வளைவை எந்த கியரில் இறக்கினேன், தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி எத்தனை மணிக்கு மட்டக்களப்பு வந்தேன், இப்படி. என்னைக் கேட்டால் பதினெட்டு வளைவு பெரிய சோதனையே இல்லை. அங்கே எல்லாருக்கும் பயம் இருக்கிறது, அதனால் கவனமும் இருக்கிறது. புதுச் சாரதி மாட்டிக்கொள்வது காத்தான்குடிக்கும் அக்கரைப்பற்றுக்கும் நடுவில், மேடு பள்ளம் இல்லாத ரோட்டில், அதுவும் முக்கால்வாசி நேரம் லொறியை நிறுத்தப் போய்த்தான்.

இந்த ரோட்டைப் புரிந்துகொள்ளாமல் இங்கே ஓட்ட முடியாது. கிழக்கே கடல், மேற்கே வாவி, தெற்கே போகப் போக வயல். நடுவில் ஒடுங்கிய மணல் நிலத்தில் ஏ4 பெருந்தெரு. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் ஊர் மாறியது தெரியும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று சுற்றி நானூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிவருகிற அதே பெருந்தெருவில்தான் பிள்ளைகள் சைக்கிளில் டியூஷனுக்குப் போகிறார்கள், மீன்காரர் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிப் போகிறார், ஓட்டோக்காரர் நினைத்த இடத்தில் வெட்டித் திருப்புகிறார். உள்வீதிகள் இருக்கின்றனதான். லோட் ஏற்றிய லொறிக்கு அவை சரிவராது. வயர் தாழ்வாக ஓடும், முனையில் திரும்ப இடம் இருக்காது, பின்னுக்கு எடுக்கும்போது யாருடைய மதிலோ கேற்றோ செலவு வைக்கும்.

பாலம் வந்துவிட்டதே என்பார்கள். உண்மைதான். மட்டக்களப்பு வாவியின் குறுக்கே 1924இல் திறந்த ஒடுக்கமான இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுக் கல்லடிப் பாலம் வந்தது பெரிய ஆறுதல். ஆனால் நெரிசல் தீரவில்லை, பாலத்தைக் கடந்து ஊருக்குள் போய் நின்றுகொண்டது. அதைவிட லொறிக்காரருக்கு உதவியது 2014இல் திறந்த மண்முனைப் பாலம் என்பேன். முன்பு அங்கே 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். இன்று கொக்கட்டிச்சோலைப் பக்கம் நெல் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் போகிறவர் மட்டக்களப்பு டவுனை எட்டிக்கூடப் பார்க்கத் தேவையில்லை. இது தெரியாமல் வலையிறவுப் பாலத்தால் டவுனுக்குள் வந்து நெளிகிற வெளியூர் லொறிகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அடுத்தது நேரம். காலை ஏழிலிருந்து ஏழரை, பகல் ஒன்றரையிலிருந்து இரண்டு: பாடசாலை வாசல் உள்ள எந்த ஊரிலும் இந்த நேரத்தில் லொறியை நுழைக்காதீர்கள். களுவாஞ்சிக்குடியோ கல்முனையோ, எல்லாம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காத்தான்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் பக்கம் ஜும்மாவுக்குக் கடைகள் மூடிவிடும். பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கினால் சாமான் இறக்க நாட்டாமையும் (சுமைதூக்கும் ஆள்) இல்லை, கணக்கு எழுத முதலாளியும் இல்லை. பள்ளிவாசல் சுற்றிலும் மோட்டார் சைக்கிள் நிற்கும் ரோட்டில் நீங்கள் மட்டும் ஒரு மலையாக நிற்பீர்கள். நோன்பு மாதத்தில் பகல் இலேசாக இருக்கும். நோன்பு திறப்பதற்கு முந்திய அரைமணி நேரம் மட்டும் எங்காவது ஒதுங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்று பறக்கும் நேரம் அது. ஆனி, ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் விடியுமுன்னே ரோட்டோரம் நடப்பார்கள், வெளிச்சம் இல்லாமல். பெரும்போக அறுவடையில் ரோட்டின் ஒரு பக்கம் நெல் காயும், அள்ளியபின் எல்லைக்கு வைத்த கல் அங்கேயே கிடக்கும்.

சரி, நிறுத்துவதற்கு வருவோம். இதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

கடை வாசலில் முதலாளி கையைக் காட்டி "இன்னும் கொஞ்சம் ஓரமா எடுங்க தம்பி" என்பார். எடுக்காதீர்கள். அந்த ஓரத்தில் இருப்பது கான், தண்ணீர் ஓடும் வடிகால். அதன்மேல் போட்டிருக்கும் கொங்கிறீட் மூடி ஆள் நடக்கப் போட்டது, பத்துத் தொன் சீமெந்துக்குப் போட்டதல்ல. பின் சில்லு ஒரு மூடியை உடைத்துக்கொண்டு இறங்கினால் லொறி சரியும், படங்குக் கயிறு இழுபடும், சாமான் முழுவதையும் ரோட்டில் இறக்கி வைத்துத்தான் தூக்க வேண்டும். அதுவரை கல்முனை ரோடு உங்களால் மூடிக்கிடக்கும். கான் இல்லாத இடத்தில் மணல். காய்ந்த மணல்தானே என்று இரண்டு சில்லை விட்டால், எடுக்கும்போது ஒரு சில்லு சும்மா சுற்றும். அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போகும். முதலில் இறங்கிக் காலால் மிதித்துப் பாருங்கள். செருப்பு புதைந்தால் சில்லும் புதையும்.

கிளீனர் பொடியனை இருக்கையில் தூங்க விடாதீர்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது அவன் இறங்கி, உங்கள் பக்கத்துக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். கண்ணாடியில் அவன் தெரியவில்லையென்றால் லொறி அசையக்கூடாது. "வா வா வா" என்று லொறிக்குப் பின்னால் நேராக நின்று கத்துகிறவனை முதலாம் நாளே திருத்திவிடுங்கள்.

இரவு நிறுத்துவது இன்னொரு கதை. ரோட்டோரம் லைட் இல்லாமல் நிற்கும் லொறியில் மோட்டார் சைக்கிள்காரர் வந்து மோதுவது இங்கே புதுச் செய்தி இல்லை. பின்னால் ஒரு மரக்கொப்பை முறித்து வைத்தால் போதும் என்று இன்னும் நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். போதாது. முக்கோணப் பலகை இரண்டு வாங்கி வையுங்கள், பின்பக்கம் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். தூக்கம் வந்தால் பெற்றோல் செட்டைப் பாருங்கள். டீசல் அடிக்கிற இடத்திலேயே மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மூலையில் நிற்க விடுவார்கள். கிடைத்தால், டீசல் மூடியும் உதிரி டயரும் வெளிச்சப் பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். சில்லுக்கு வைத்த கல்லைப் போகும்போது எடுத்து எறிந்துவிட்டுப் போங்கள். அந்தக் கல்லில் விழுந்து எழும்பாதவர்களும் உண்டு.

மழைக்காலத்துக்கு ஒரே வார்த்தை: தண்ணீர் ஓடும் ரோட்டில் இறங்காதீர்கள். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப்போனதை அம்பாறையில் யாரும் மறக்கவில்லை. லொறி பாரம்தானே என்ற தைரியம் அங்கே செல்லாது.

இத்தனையும் சொன்னாலும் குற்றம் முழுவதையும் சாரதி தலையில் கட்ட நான் தயாரில்லை. சந்தைக் கட்டடம் கட்டுகிறார்கள், கடைத்தொகுதி கட்டுகிறார்கள், அதற்குச் சாமான் கொண்டுவரும் லொறி நிற்க ஒரு வளவு ஒதுக்க யாருக்கும் நினைவு வருவதில்லை. பிறகு பொலிஸார் வந்து தண்டப்பணம் எழுதுவது சாரதிக்கு. சபைக் கூட்டங்களில் பேசப்பட வேண்டிய விஷயம் இது, பேசுகிறவர் குறைவு.

முதலாளிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லொறி ஏன் பிந்தியது என்று போனில் ஏசுவதற்கு முன், நீங்கள் கடை திறக்கிற நேரத்தை யோசியுங்கள். விடிய நாலரைக்கு உங்கள் வாசலில் வந்து நிற்கிற சாரதி எட்டு மணி வரை ஷட்டரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். திறந்து இறக்கத் தொடங்கும்போது ரோடு நிறைந்துவிடும், உங்கள் கடைக்கு வருகிறவர்களே அவனைத் திட்டிக்கொண்டு போவார்கள். லோட் வருகிற நாளில் மட்டும் ஐந்து மணிக்கு ஒரு நாட்டாமையையும் சாவியோடு ஒருவரையும் வைத்துப் பாருங்கள் காக்கா. ஏழு மணிக்கு உங்கள் வாசலில் லொறி இருக்காது.