ணைனலே

ஐப்பசியில களத்துல நெல்லு கிடந்தா வயித்துல எப்படிப் புளியைக் கரைக்கும்னு டெல்டாக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மன்னார்குடி பக்கம் சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். குறுவை அறுப்பு வந்துட்டா கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் கேக்குறது நிலத்துக் கணக்குக் காகிதமான சிட்டா, அடங்கல்தான். அன்னைக்கு வந்த மாமா, கொள்முதல் நிலையத்து வாசல்ல நெல்லைக் கொட்டி, தார்பாயை இழுத்து மூடிட்டு ஓடி வந்திருக்கார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுனா தகராறு. வெளியில தூத்தல் போடுது. "மாப்ள, சீக்கிரம்யா"ங்குறார்.

நான் பிரிண்டரைத் தேடிக்கிட்டிருக்கேன். மேசை மேல இருக்குற பிரிண்டரை இல்ல, கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற பிரிண்டரை.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட அப்டேட்டை நிறுத்துறாங்கன்னு சொன்னாங்க. 11 போடலாம்னா என் பழைய பெட்டி அதுக்குத் தோதுப்படாதாம். லீவுக்கு வந்த தம்பி மகன், "பெரியப்பா, விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத் தரேன், காசு கிடையாது, பறக்கும்"னான். போட்டான். பறக்கத்தான் செய்யுது, பொய் சொல்லக்கூடாது. ஆனா திறந்தா ஒரு படம், மேல ஒரு கறுப்புப் பட்டை, அவ்வளவுதான். ஸ்டார்ட் பட்டனைக் காணோம். ஐகான் ஒண்ணுகூட இல்ல. டெஸ்க்டாப்னு ஒரு ஃபோல்டர் உள்ள இருக்கு, சிட்டாவை அதுல சேமிச்சா டெஸ்க்டாப்ல தெரியாது! மேசைன்னு பேரு வச்சுட்டு மேல எதையும் வைக்கக்கூடாதுன்னா அதை எதுக்குய்யா மேசைங்குறீங்க? ஜன்னலைக் கீழ இறக்குற அந்தச் சின்னக் கோடு, அதையும் பிடுங்கிட்டாங்க. மவுஸ் தெரியாத்தனமா இடது மேல் மூலையில இடிச்சா, திறந்து வச்சதெல்லாம் பொசுக்குனு சுருங்கிப் பின்னால போகுது. முதல் தடவை எல்லாம் அழிஞ்சுபோச்சுன்னே பதறிட்டேன்.

எல்லாத்தையும் பார்க்கணும்னா ஒன்பது புள்ளியை அமுக்கணும். அமுக்குனா திரை முழுக்கக் கடை விரிக்குது, பக்கம் பக்கமா. "அதெல்லாம் ஏன் பெரியப்பா பார்க்குறீங்க, விண்டோஸ் கீயைத் தட்டிப் பேரை அடிங்க, வந்துரும்"ங்குறான் பய. பேரு தெரிஞ்சா அடிக்க மாட்டேனா? இத்தனை வருஷமா எனக்கு எதோட பேரும் தெரியாது. மேலேருந்து மூணாவது, சிவப்பா இருக்கும், அதுதான் பிடிஎஃப். பேங்குக்குப் பின்னால பச்சைக் கதவுன்னுதான் நம்மூர்ல வீட்டுக்கு வழி சொல்லுவோம், பட்டா நம்பர் சொல்லியா அனுப்புறோம்?

இதுல விண்டோஸ்காரங்களும் யோக்கியம் இல்ல. 1995-ல ஸ்டார்ட் பட்டனைக் கொண்டாந்தாங்க. ஊரே பழகிடுச்சு. 2012-ல விண்டோஸ் 8 வந்தப்ப அதைத் தூக்குனாங்க. ஜனங்க கத்துன கத்துல 2013-ல 8.1-ல திரும்ப வந்துச்சு. 2021-ல 11 வந்தப்ப மூலையில இருந்ததை நடுவுல கொண்டுபோய் வச்சாங்க. எவன் கேட்டான்? கும்மிருட்டுல டார்ச் இல்லாமப் போய் மடையைத் திறந்துட்டு வர்ற ஆளுங்க இங்க உண்டு. கண்ணா பார்க்குது? காலுக்குத் தெரியும். ராவோட ராவா மடையை நாலு வயல் தள்ளி வெட்டி வச்சுட்டு, "இது புது டிசைன்"னா மண்வெட்டியைத் தூக்க மாட்டானா?

சரி, பேரைத்தான் அடிப்போம்னு கீயைத் தட்டி இங்கிலீஷ்ல 'பிரின்ட்'னு அடிச்சேன். திரையில என்ன வந்துச்சு தெரியுமா? "ணைனலே". அதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு மனு அடிச்சிருந்தேன், கீபோர்டு தமிழ் 99-ங்குற தமிழ் எழுத்து வரிசையிலயே நின்னிருக்கு. ணைனலேன்னு ஒண்ணும் இல்லைன்னு கம்ப்யூட்டர் எனக்குச் சொல்லுது! நான் மறுபடி அடிக்கிறேன், மறுபடி ணைனலே. மாமா எட்டிப் பார்த்துட்டு, "யாரு மாப்ள அது, மலையாளத்தாளா?"ங்குறார். சிரிக்கவா அழவா?

பயலுக்குப் போன் போட்டா ரெண்டு தடவை எடுக்கல. மூணாவது தடவை எடுத்து, "கீபோர்டை மாத்துங்க பெரியப்பா, இதுகூடவா"ன்னான். இதுகூடவாவாம்.

பேப்பர் வெளிய வந்தப்ப மழை வலுத்துடுச்சு. மாமா அதைச் சட்டைக்குள்ள செருகிக்கிட்டு, சில்லறைகூட வாங்காம ஓடினார். நான் ஒரு அட்டையில "முதல்ல இங்கிலீஷ், அப்புறம் பேரு"ன்னு எழுதி மானிட்டர்ல ஒட்டி வச்சிருக்கேன். பொங்கலுக்கு ஊருக்கு வருவான்ல அவன், வரட்டும்.