மூங்கில் தட்டி கட்டிய குற்றத்துக்கு

ஜன்னலில் கட்டிய மூங்கில் தட்டியை அகற்றச் சொல்லி எங்கள் வில்லா குடியிருப்புக் கமிட்டி அனுப்பிய நோட்டீஸைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி எங்கள் வில்லா வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், என் பெயரைச் சொல்லாமல், "சிலர் எங்கே குடிபோனாலும் கிராமத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்" என்று போட்டார். பதினோரு பேர் கைதட்டியிருக்கிறார்கள். சரி, எழுதியே விடுகிறேன்.

விஷயம் இவ்வளவுதான். முன்னறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி. அது "முகப்பின் சீர்மையைக் குலைக்கிறது", வெள்ளிக்கிழமைக்குள் அகற்ற வேண்டும். பக்கத்து வீட்டு முகப்பில் ஏசியின் வெளிப்பெட்டி துருப்பிடித்து, சுவரெல்லாம் பழுப்புக் கோடாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. அது சீர்மையைக் குலைக்கவில்லையாம். அனுமதிக்கப்பட்ட பொருளாம்!

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதியை வெயிலையும் மழையையும் பார்த்து எழுதுங்கள், விற்பனை ப்ரோஷரைப் பார்த்து எழுதாதீர்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். ஒரே வரைபடம். கிழக்கு பார்த்த வீட்டுக்கு என்ன ஜன்னலோ அதுதான் மேற்கு பார்த்த வீட்டுக்கும், சன்ஷேட் உட்பட. மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் சாய்ந்து வரும். தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேட் அதற்கு என்ன செய்யும்? சாரலுக்குக் குடை பிடித்த கதைதான். அந்த வெயிலுக்கு நேராகத் தொங்குகிற மாதிரி ஏதாவது வேண்டும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, அதனால் வடக்குச் சுவரும் காயும். எங்கள் குடியிருப்பின் விதிக் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எந்தச் சுவருக்கு எந்த எண் பெயின்ட் என்று மட்டும் நான்கு பக்கம் இருக்கிறது.

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் தாத்தா வீடு இருந்த தெருவிலும் எல்லா வீடும் ஒரே மாதிரிதான். திண்ணை ஒரே உயரம். இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடித் திண்ணையில் யார் படுத்திருக்கிறார் என்று தெரியும். சித்திரை பிறந்தால் வாசலில் கீற்றுப் பந்தல், உள்ளே வெட்டிவேர் தட்டி. தட்டிக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. பாதியை என் மேலேயே தெளித்துக்கொள்வேன், பாட்டி திட்டுவாள். ஒரு வீட்டுக்காரர் வாசலை உயர்த்திக் கட்டி, மழைத் தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் போனபோது தெருவே சண்டைக்குப் போனது. அதுவும் கட்டட விதிதான் ஐயா. புதுச்சேரி வைசியாள் வீதியில் திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமும் வரிசையாக நிற்பதைப் போய்ப் பாருங்கள். 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்த தெரு அது. தெருவில் போகிறவன் தலைக்கும் நிழல் கொடுத்த சீர்மை.

"சண்டிகரைப் பாருங்கள் சார், அங்கே விதியால்தான் அழகு" என்று ஒருவர் பாடம் எடுத்தார். பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். அங்கே 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவே கட்டட முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று உத்தரவிட அதிகாரம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த ஊரை வடிவமைத்த கட்டடக்கலைஞர் லெ கார்பூசியே, அங்குள்ள தலைமைச் செயலகத்தின் முகப்பு முழுக்க வைத்தது என்ன? வெயில் மறைப்பு. உயர் நீதிமன்றத்துக்குக் கூரைக்கு மேலே இன்னொரு கூரை. அந்த ஊரின் முகப்பே வெயிலோடு போட்ட சண்டைதான். இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயும் முகப்புச் சட்டகத்தின், அதாவது வீட்டு முகப்பு இந்த வடிவத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்ற விதியின், பிடி சின்ன மனைக்காரர்கள் மீதுதான் இறுகியது. பெரிய மனைக்காரர்களுக்குத் தாராளம். எங்கள் லேஅவுட்டில் மூலை வில்லா முகப்பில் கண்ணாடிக் கூரை போட்டபோது எந்த நோட்டீஸும் போகவில்லையே, ஏன்?

"வீடு வாங்கும்போது இந்த விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டீர்கள்தானே?" போட்டேன். கடன் கிடைக்குமா கிடைக்காதா என்ற பதற்றத்தில், அத்தனை பக்கத்துக்கும் நின்றுகொண்டே போட்டேன். நீங்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தீர்களாக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த விதி சரியா என்று கேட்கவே கூடாதா?

"இன்றைக்கு நீங்கள் தட்டி, நாளைக்கு ஒருவர் பச்சைத் தகரம் போடுவார்." போடட்டுமே. இல்லை, போடக்கூடாதுதான். என்ன போடலாம் என்று நான்கு மாதிரி கொடுங்கள், அதில் ஒன்றை நானும் போடுகிறேன். இதை ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. நோட்டீஸ் மட்டும் வந்தது.

விற்கும்போது விலை குறையுமாம். நான் விற்க வாங்கவில்லை. என் அம்மா சாயங்காலம் உட்காருவதற்கு வாங்கினேன். பக்கத்தில் யாராவது போவது வருவது தெரிந்தால் போதும் அவளுக்கு. நோட்டீஸை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேற்று நான் வீட்டுக்கு வரும்போது தட்டியைப் பாதி சுருட்டிக் கட்டிவிட்டு, நாற்காலியைச் சமையலறைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எதுக்குப்பா வம்பு" என்றாள்.

கிராமத்தை மூட்டை கட்டிக்கொண்டு வந்தேன் என்று சொன்னவருக்கு ஒரு வேண்டுகோள். கமிட்டி ஆட்களையும் அழைத்துக்கொண்டு வியாழக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள். தட்டியை முழுக்கச் சுருட்டிவிடுகிறேன். முன்னறையில் ஐந்து நாற்காலி போடுகிறேன். நான்கரை மணி வரை உட்கார்ந்து பேசுவோம். ஃபேன் உண்டு, மோர் உண்டு. ஏசி கிடையாது.