நிசேயாவில் நடந்தது அந்த ஓட்டெடுப்பு இல்லை

டான் பிரவுனின் 'டாவின்சி கோட்' நாவல் கற்பனைதான், ஆனாலும் கி.பி. 325-இல் நிசேயா சங்கத்தில் (கிறிஸ்தவ ஆயர்கள் கூடிய பெருங்கூட்டம்) ஓட்டுப் போட்டு இயேசுவைக் கடவுளாக்கியதும், பைபிள் நூல்களை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அங்கேயே தேர்ந்தெடுத்ததும் உண்மை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே நாவலில் ஒரு பாத்திரம் பேசும் வசனம்தான், வரலாறு இல்லை.

இயேசு வெறும் மனிதர் என்று நிசேயாவில் யாரும் வாதாடவில்லை. அரியுஸ் என்ற குரு சொன்னது, மகனான இயேசு தந்தையாகிய கடவுளால் படைக்கப்பட்டவர், எனவே தந்தைக்குச் சமமானவர் அல்ல என்பது. சண்டை அதைப் பற்றித்தான். நாவல் சொல்வதுபோல் இழுபறியும் இல்லை: வந்திருந்த ஆயர்களில் சங்கத்தின் விசுவாச அறிக்கையில் கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்தவர்கள் லிபியாவைச் சேர்ந்த இருவர் மட்டுமே. அதற்கும் இருநூறு வருடம் முன்பே, கிறிஸ்தவர்கள் கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று ரோமானிய ஆளுநர் பிளினி பேரரசருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கிறிஸ்தவரும் இல்லை, அவர்களை விசாரித்துத் தண்டித்தவர்!

சரி, பைபிள்? நிசேயாவின் 20 விதிகளில் எந்த நூலைச் சேர்ப்பது என்ற பேச்சே இல்லை. இன்றைய 27 புதிய ஏற்பாட்டு நூல்களை அப்படியே பட்டியலிடும் மிகப் பழைய ஆவணம், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய ஈஸ்டர் மடல்.

அப்புறம், நாவலின் முதல் பக்கத்திலேயே 'உண்மை' என்று தலைப்புப் போட்டு 1099-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் சீயோன் மடம் என்ற இரகசிய அமைப்பு. அது 1956-இல் பிரான்சில் பியர் பிளான்டார் என்பவர் பதிவுசெய்த சங்கம், அதன் 'பழைய ஆவணங்கள்' போலி. விறுவிறுப்புக்காக நானும் ஒரே இரவில் படித்து முடித்த நாவல்தான் அது.