பஸ் பாஸ் கொடுத்தாச்சு, சரி. பஸ் எத்தனை மணிக்கு?

எங்கள் ஆபீஸைக் கூட்டித் துடைக்கும் அக்கா காலை ஐந்தரைக்கெல்லாம் உள்ளே இருக்க வேண்டும். அவர் வீட்டுப் பக்கம் முதல் பஸ்ஸே ஐந்தே முக்காலுக்குத்தான். இருட்டோடு மெயின் ரோடு வரை நடந்து, ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வருகிறார். பர்ஸில் சலுகை பஸ் பாஸ் இருக்கிறது. ஒருநாள் எடுத்துக் காட்டினார். மடிப்புகூட விழாமல் புத்தம்புதுசாக இருந்தது.

ஏழைத் தொழிலாளிக்குப் போக்குவரத்து உதவி என்றாலே கட்டணத்தைத்தான் பேசுகிறோம். நேரத்தை யாரும் பேசுவதில்லை. அட்டவணை போடுகிறவர் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறவர். செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி ஆயா, கிடங்கில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் எல்லாம் அவர் கண்ணிலேயே படுவதில்லை.

இது இன்று நேற்றுக் கதையில்லை. 1965-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தது. அதை விசாரித்த மெக்கோன் கமிஷன், பஸ் வசதி மோசமாக இருப்பதால் அந்த மக்களால் வேலை தேடவும் முடியவில்லை, கிடைத்த வேலையில் நிலைக்கவும் முடியவில்லை என்று எழுதியது. அமெரிக்க அரசு இதற்கென்றே தனி நிதித் திட்டம் போட்டது எப்போது தெரியுமா? 1998-ல். பின்னிரவு பஸ், வார இறுதி பஸ், புறநகர் வேலையிடங்களுக்கு வேன் என்று உருப்படியான காரியங்களுக்கு அதில் பணம் கிடைத்தது. 2012-ல் அதையும் தனித் திட்டமாக வைக்காமல் பொது நிதியோடு கலந்துவிட்டார்கள். பொதுவில் கலந்த பணத்தில் விடியற்காலை பஸ்ஸுக்கு என்ன மிஞ்சும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரேசில் வேறு வழியில் போனது. 1985-ல் வந்த சட்டம் அது. அடிப்படைச் சம்பளத்தில் 6 சதவீதம் வரை தொழிலாளி போக்குவரத்துக்குக் கொடுப்பார். அதற்கு மேல் ஆகும் செலவு முதலாளியுடையது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஆள் வந்து சேர்ந்தால் லாபம் யாருக்கோ, அவரும் கொஞ்சம் கொடுக்கட்டுமே. ஆனால் பதிவில்லாமல் கூலிக்குப் போகிறவருக்கு இது கிடையாது. தூரத்து வீட்டுக்காரரை வேலைக்கே எடுக்காமல் தட்டிக் கழிக்கிற முதலாளியும் இருப்பார். அப்புறம், பஸ்ஸே இல்லாத நேரத்துக்கு இந்தச் சட்டமும் என்ன செய்யும்?

பஸ்ஸைத்தான் மாற்ற முடியாது, அக்காவின் நேரத்தையாவது ஆறரைக்கு மாற்றலாமே என்று மேனேஜரிடம் கேட்டேன். நாங்கள் வரும்போது தரை ஈரமாக இருக்குமாம்.