அந்த மேடையில் நடந்தது சிகிச்சை அல்ல

சனிக்கிழமையிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த ஹிப்னாசிஸ் மேடை நிகழ்ச்சிக் காணொளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேசாமல்தான் இருந்தேன். நேற்று நெருங்கிய நண்பர் ஒருவரே ‘பார்த்துச் சிரியுங்கள்’ என்று அனுப்பிவைத்தார். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரை மேடையேற்றிக் கண்ணை மூடச் சொல்கிறார் அந்த வித்தைக்காரர். ‘இப்போது போர்க்களத்தில் இருக்கிறீர்கள், குண்டு விழுகிறது’ என்கிறார். அந்த மனிதர் குப்புற விழுந்து இரண்டு கைகளாலும் பிடரியை மூடிக்கொள்கிறார். அரங்கம் சிரிக்கிறது. அவருடைய விரல்கள் நடுங்குவது கேமராவில் தெளிவாகத் தெரிகிறது. உங்களில் ஒருவர்கூடவா அந்த விரல்களைப் பார்க்கவில்லை?

ஹிப்னாசிஸ் சிகிச்சையில் கடிவாளம் பாதிக்கப்பட்டவரின் கையில் இருக்க வேண்டும். அந்த மேடையில் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஹிப்னாசிஸை ‘மனோவசியம்’ என்று நாம் சொல்லிப் பழகியதே தவறு. வசியம் என்றால் ஒருவரைப் பிடிக்குள் கொண்டுவருவது. ‘அறிதுயில்’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அறிந்தே துயில்வது. கவனம் ஒரு புள்ளியில் குவிந்திருக்கும், விழிப்பும் கூடவே இருக்கும்.

இதை நான் வீட்டில் பார்த்தவன். அப்பா போர்முனையிலிருந்து திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பக் கூடாது என்பது வீட்டில் சட்டம். அவர் அலறினால் அம்மா கால்மாட்டில் தள்ளி நின்று குரல் கொடுப்பார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அப்பா சிகிச்சைக்குப் போனார். மனம்விட்டுப் பேசவைக்கும் பேச்சு சிகிச்சையோடு அறிதுயிலையும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் அமர்வில் போரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். ‘போதும் என்று தோன்றினால் ஆள்காட்டி விரலை உயர்த்துங்கள், அந்தக் கணமே நிறுத்திவிடுகிறேன்’ என்றுதான் தொடங்கினார்களாம்.

சிகிச்சை தொடங்கியபின் ஓர் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. உள்ளங்கால்கள் தரையில் அழுந்தப் பதிந்திருந்தன. கட்டைவிரல் ஆள்காட்டி விரலை அழுத்திக்கொண்டிருக்க, உதடுகள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் தாமாகவே படுத்துக்கொண்டார். அன்று அம்மா எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை.

‘இதெல்லாம் மோசடி, எந்த மருத்துவர் ஒப்புக்கொள்கிறார்?’ என்று கேட்பீர்கள். முதல் உலகப் போரிலேயே சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், நினைவாற்றலை இழந்த வீரர்களுக்கு ஹிப்னாசிஸைப் பயன்படுத்தி 1915இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்கின்ஸ் ராணுவ மருத்துவமனையில் இதே வழியில் சிகிச்சை அளித்தார். 2008இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வொன்றில், போர் அதிர்ச்சியால் தூக்கம் கெட்ட 32 பேரில் ஒரு பிரிவினருக்குத் தூக்க மாத்திரை, மற்றவர்களுக்கு ஹிப்னாசிஸ். ஹிப்னாசிஸ் பெற்றவர்கள் தூக்கத்தின் தரத்தில் கூடுதலாக முன்னேறினார்கள். 32 பேர் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். மருத்துவ வழிகாட்டிகள் முதலில் பரிந்துரைப்பது அதிர்ச்சியை நேரடியாக அணுகும் பேச்சு சிகிச்சைகளைத்தான். அவற்றுக்குப் பதிலாக இதை வைக்கச் சொல்லவில்லை. துணையாக வையுங்கள் என்கிறேன். துணையாக!

‘பொய்யான நினைவுகள் உருவாகாதா?’ என்றால், உருவாகலாம். ஹிப்னாசிஸில் வரும் நினைவுகளை அப்படியே நம்பக் கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985இலேயே எச்சரித்தது. அதனால்தான் பயிற்சி பெற்ற மனநல நிபுணர் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

‘விருப்பப்பட்டுத்தானே மேடையேறினார்?’ என்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல என்னால் முடியாது. வியட்நாம் போரில் மன அதிர்ச்சிக்கு உள்ளான வீரர்களை ஆராய்ந்து 1988இல் ஒரு கட்டுரை வந்தது. மற்றவர்களைவிட அவர்கள் எளிதாக ஹிப்னாசிஸ் நிலைக்குள் செல்கிறார்கள் என்று கண்டார்கள். யாருக்கு இது அதிகம் உதவக்கூடுமோ, அவர்களைத்தான் மேடையில் இது அதிகம் காயப்படுத்தும். இதை அறியாதவர் எதற்கு அந்த ஒலிவாங்கியைப் பிடிக்கிறார்?

ஆனால் வித்தைக்காரர் மீதுகூட எனக்கு இவ்வளவு கோபமில்லை. அப்பா சிகிச்சைக்குப் போகிறார் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ‘மனநிலை சரியில்லையா?’ என்று அம்மாவிடம் கேட்டார்கள். படைக்குப் புறப்பட்டபோது மாலை போட்டவர்களும் அவர்கள்தான். வீரவணக்கம் சொல்ல எத்தனை பேர் வருகிறீர்கள்! இரவு இரண்டு மணிக்கு அந்த மனிதர் விழித்திருப்பாரே, அப்போது யார் வருகிறீர்கள்?

அந்தக் காணொளியை அப்பா பார்த்துவிடக் கூடாது என்று நினைத்தேன். பார்த்துவிட்டார். திட்டவில்லை, அழவும் இல்லை. சிரிப்பொலி வரும் இடத்தில் ஒலியைக் குறைத்தார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்டார்.

‘நிகழ்ச்சி முடிந்ததும் அவரை யார் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்?’