சோழநாட்டுக் கோயில் சுற்றுலாவில் காவிரிக்கு இடமில்லையா?

ஆடி பிறந்துவிட்டால் போதும், "இரண்டு நாளில் இருபது கோயில்", "ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்கள், காலைச் சிற்றுண்டி, மதிய உணவு உட்பட" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரங்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடுகின்றன. இந்த ஆண்டும் வந்துவிட்டன. உறவினர்கள், அக்கம்பக்கத்தார் என்று பலரும் "எந்தச் சுற்றுலாவில் போகலாம்?" என்று என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குழுவாகப் பஸ்ஸில் போகும் சுற்றுலாவை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன். தனியாகக் காரில் போய் நிதானமாகப் பார்ப்பதுதான் பயணம், மற்றதெல்லாம் மந்தை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அறுபது வயதைத் தாண்டிய, கணவரை இழந்த, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற பெண்கள் இந்தப் பஸ்களில்தான் ஊர் பார்க்கிறார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு நாள் வெளியே தங்குவதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஒரே காரணம் "கோயிலுக்குப் போகிறேன்" என்பதுதான். அந்தப் பஸ்ஸில் ஏறிய அரை மணி நேரத்தில் அவர்கள் முகத்தில் வரும் தெளிச்சியை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தச் சுற்றுலாக்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு ஆதங்கப்படுகிறேன்.

பிரச்சினை கணக்கில் இருக்கிறது. எத்தனை கோயில் என்பதை வைத்தே விலை பேசப்படுகிறது. பதினெட்டு கோயில் காட்டுகிறவரைவிட இருபது கோயில் காட்டுகிறவர் நல்லவர் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். திங்களூர் திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கீழப்பெரும்பள்ளம் பூம்புகாருக்குப் பக்கத்தில். திருநள்ளாறு காரைக்காலில். இவற்றை ஒரே நாளில் கோத்தால் பகல் முழுவதும் சாலையிலேயே போய்விடும். இறங்கி, செருப்பை விட்டு, வரிசையில் நின்று, விளக்கேற்றி, திரும்பி வந்து தலை எண்ணிக் கிளம்புவதற்குள் மூச்சு வாங்குகிறது. கிரகப் பரிகாரம் என்று வேண்டிக்கொண்டு ஒரே நாளில் ஒன்பது தலமும் தரிசிப்பவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன், அது வேண்டுதல். ஆனால் அதே வேகத்தை வைத்துக்கொண்டு "சோழர் கலைப் பயணம்" என்று பெயர் சூட்டி விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய குறை, இந்தப் பயணத் திட்டங்களில் ஆறு என்ற பேச்சே கிடையாது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். சுமார் 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுகிறோம். ஊரின் பெயரே அதிலிருந்துதான் வந்தது. நான் போன சுற்றுலாக்களில் எதிலும் அந்தப் பாலங்களில் ஒன்றைக்கூட வழிகாட்டி பெயர் சொல்லிக் காட்டியதில்லை. பஸ்ஸில் பக்திப் பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும், திரை மூடியிருக்கும், ஐந்து ஆறுகளும் கடந்து போய்விடும். ஐயாறப்பர் கோயிலில் தரிசனம் முடிந்ததும் பஸ் கிளம்பிவிடும். கூப்பிடு தூரத்தில் புஷ்ய மண்டபப் படித்துறை இருக்கிறது. சுந்தரரும் சேர மன்னர் சேரமான் பெருமாளும் வந்தபோது காவிரியில் வெள்ளம், அக்கரையில் ஐயாறப்பர், சுந்தரர் பதிகம் பாட ஆறு விலகி வழிவிட்டது என்கிறது புராணம். அந்தக் கதையைப் படித்துறையில் உட்கார்ந்து கேட்டால்தானே அது கதை! கோயிலின் வெளிச்சுற்றில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டால் அது வெறும் தகவல்.

ஆற்றை விட்டுவிட்டு இந்தக் கோயில்களைப் புரிந்துகொள்ள முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். 1010இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்தது. கருவறைக்கு மேல் கோபுரமாக எழும் விமானம் 200 அடிக்கு மேல். இவ்வளவு கல்லும் வெளியிலிருந்து வந்தது, ஏனென்றால் தஞ்சையைச் சுற்றிக் கருங்கல்லே கிடையாது, இது வண்டல் பூமி. கல் இல்லாத நாட்டில் கல்மலை எழுப்ப எது துணிவு கொடுத்தது? நெல். அந்தக் கோயிலின் கல்வெட்டுகள் முழுக்க நெல் கணக்குதான். பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வரப்பட்ட நானூறு ஆடல் மகளிரின் பெயர், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், தஞ்சையில் எந்தத் தெருச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. தையல்காரர், சலவை செய்பவர், குயவர், கணக்கர் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. தான் கொடுத்தது, தன் அக்காள் கொடுத்தது, தன் பெண்டிர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுக என்று ஆணையிட்டவன் இராசராசன். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊழியர்களை இன்று நாம் பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது என்றால் உலகத்தில் எத்தனை இடங்களில் இப்படி ஒரு வாய்ப்பு உண்டு?

ஆனால் வழிகாட்டிகள் என்ன சொல்கிறார்கள்? கோபுரத்தின் நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது எண்பது டன் எடையுள்ள ஒரே கல். நந்தி வளர்ந்துகொண்டே இருந்தது, தலையில் ஆணி அடித்து நிறுத்தினார்கள். காலை வெயிலில் போய் நின்றால் மேற்கே நிழல் நீண்டு கிடப்பதைக் குழந்தைகூடப் பார்க்கும். சிகரம் பல கற்களை இணைத்துச் செய்தது என்று ஆய்வாளர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். நந்தி நாயக்கர் காலத்தது. நிழலுக்குள்ளேயே நின்றுகொண்டு நிழல் விழாது என்று சொல்வதைக் கேட்டுத் தலையாட்டும்போது எனக்கு வயிறு எரிகிறது. கட்டியவர்களுக்கு இந்தப் பொய்ப் பெருமை தேவையே இல்லை. ஆடல் மகளிர் நானூறு பேரில் நாலு பேரின் பெயரைச் சொன்னால் போதும், பஸ்ஸில் வந்த அத்தனை பெண்களும் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டார்கள்.

மக்களுக்கு இதெல்லாம் பிடிக்காது, அவர்கள் கும்பிட்டுவிட்டுக் கிளம்பத்தான் நினைக்கிறார்கள் என்று சுற்றுலா நடத்தும் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அது உண்மையில்லை. தாராசுரத்தில் ஒரு முறை எங்கள் பஸ்ஸின் டயர் பழுதாகி, கிளம்பத் தாமதமாகிவிட்டது. எல்லோரும் வேறு வழியில்லாமல் கோயிலுக்குள்ளேயே இருந்தோம். அங்குள்ள ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் இராசராசன் கட்டியது. அவன் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார். அந்த நாயன்மார் கதைகளைக் கருவறைச் சுவரின் அடித்தளத்தில் சின்னச் சின்னச் சிற்பங்களாக, பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். நின்று பார்த்தால் கண்ணுக்கே படாது, குந்தி உட்கார வேண்டும். கொங்குப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, முழங்கால் வலி என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர், கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, "இங்கே வாங்க கண்ணு, இது கண்ணப்பர்" என்று என்னைக் கூப்பிட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சின்ன வயதில் அவருடைய அப்பாரு (தாத்தா) சொன்ன கதையாம். முதல் கண்ணை அப்பியது, அடுத்த கண் இருக்கும் இடம் தெரியக் காலை ஊன்றியது என்று அவர் சொல்லத் தொடங்க, சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. டயர் மாற்றியாகிவிட்டது என்று ஓட்டுநர் வந்து கூப்பிட்டபோது ஒருவரும் அசையவில்லை. மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று, நண்பகல். பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கின்றன. அந்த நாலு மணி நேரத்தைப் பெரிய தொல்லையாக நினைத்து, சாப்பாடு போட்டு ஏதாவது ஒரு மண்டபத்தில் படுக்கவைத்துவிடுகிறார்கள். வயதானவர்களுக்கு ஒரு மணி நேர ஓய்வு அவசியம்தான். மீதி நேரம்? சுவாமிமலையில் முருகனைத் தரிசித்துவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேர் பக்கத்துத் தெருவில் இருக்கும் சிற்பக்கூடத்துக்குள் போயிருக்கிறார்கள்? மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, நிழலில் உலர்த்தி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியே எடுத்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துவிடுவார்கள். ஒரு அச்சு, ஒரே சிலை. மெழுகின் மேல் முதலில் பூசும் மண்ணைக் கையில் வாங்கிப் பார்த்தேன், சந்தனம் போல அவ்வளவு நைசாக இருந்தது. நகக்கண் அளவு நுட்பத்தையும் அது பிடித்துக்கொள்ளும் என்றார் அந்த ஸ்தபதி. சோழர் செப்புத்திருமேனிகளின் அழகில் இந்த ஆற்று மண்ணுக்கும் பங்கு உண்டு.

தஞ்சையில் இருந்தால் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போங்கள். அங்கே 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன், செப்புத்திருமேனியாக இருக்கிறார். பாம்புகளைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, காளையின் மேல் கையை ஊன்றிய பாவனையில் நிற்கிறார். காளை இல்லை. அந்தக் கை சாய்ந்திருக்கும் விதத்திலேயே காளை தெரிகிறது. அவர் திருவெண்காட்டிலிருந்து வந்தவர். புதன் தலம் என்று திருவெண்காட்டுக்குப் போகும் எல்லாப் பஸ்களிலும் இதை ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கும்பகோணத்திலிருந்து போகும்போது அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கிறோம். அங்கே 1836இல் ஆங்கிலேயர் கட்டிய கீழணை இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் கட்டிய கோயிலின் மதிற்சுவரைப் பெயர்த்து அந்தக் கற்களை இந்த அணைக்குக் கொண்டுபோனார்கள். கோயிலில் மதில் சிதைந்து கிடப்பதைப் பார்க்கிறவர்களுக்கு, அதன் கற்கள் தாங்கள் கடந்துவந்த ஆற்றில் இருக்கின்றன என்று தெரிய வேண்டாமா? கங்கைவரை படை அனுப்பி, அங்கிருந்து நீர் கொண்டுவரச் செய்து, ஏரியையே வெற்றித் தூணாக நிறுத்தியவன் இராசேந்திரன். சோழகங்கம் என்ற அந்த ஏரியைப் பொன்னேரி என்கிறார்கள் இப்போது. எந்தச் சுற்றுலாப் பஸ்ஸும் அங்கே நிற்பதில்லை.

புள்ளமங்கையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தஞ்சை–கும்பகோணம் வழியில் பசுபதிகோயிலுக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துச் சிறிய கோயில். அடித்தளத்தில் உள்ளங்கை அளவுக் கல்லில் இராமாயணக் காட்சிகள். பஸ் பிரதான சாலையிலேயே பறந்துவிடுகிறது. பட்டியலில் எந்த நான்கு கோயிலை வேண்டுமானாலும் எடுத்துவிட்டு இதைச் சேர்க்கலாம் என்பேன்.

இனி ஒரு கசப்பான விஷயம். கழிப்பறை. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் ஆண்கள். சுத்தமான கழிப்பறை எங்கே வரும் என்று தெரியாததால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வெயிலில் வெறுங்காலோடு கல்தரையில் நடந்து, தண்ணீரும் குடிக்காமல், மாலையில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் படும் பாடு கொஞ்சமல்ல. பயணத் திட்டத்தில் சாப்பாட்டு இடத்தைக் குறிக்கிறார்கள், தங்கும் இடத்தைக் குறிக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல கழிப்பறை எங்கே என்பதை முன்னாலேயே போய்ப் பார்த்துக் குறித்து வைப்பதில் என்ன கஷ்டம்? பணம் கட்டுகிறவர்கள் கூச்சப்படாமல் இதைக் கேட்க வேண்டும்.

என்னிடம் கேட்டவர்களுக்கு என் பதில் இது. ஒரு நாளைக்கு மூன்று கோயிலுக்கு மேல் போகாத சுற்றுலாவைத் தேடுங்கள். கும்பகோணத்திலேயே தங்குங்கள். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊரில் விடியற்காலையில் பகவத் படித்துறை வரைக்கும் ஒரு நடை போய் வந்தால் அன்றைய நாளே வேறு மாதிரி இருக்கும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறப்பது வழக்கம், அதன் பிறகு தண்ணீர் வந்து சேர்ந்ததும் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துவிட்டால் தை மாதம் வரைக்கும் நல்ல காலம். பங்குனி, சித்திரையில் போனால் மணலைத்தான் பார்ப்பீர்கள். விலை கொஞ்சம் கூடும். மூன்று நாள் ஆகும். இருபது கோயில் பார்த்தேன் என்று ஊரில் சொல்ல முடியாது. பரவாயில்லை.

2028இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. முன்பதிவு விளம்பரங்கள் இப்போதிருந்தே தலைகாட்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் நடத்துகிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை கோயில், வழிகாட்டி கல்வெட்டுகளைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவரா, கழிப்பறைக்கு எங்கெங்கே நிறுத்துவீர்கள், ஆற்றங்கரையில் எவ்வளவு நேரம் நிற்போம். நல்ல பதில் சொல்கிற நிறுவனம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கீழே எழுதுங்கள், கேட்கிறவர்களுக்கு நான் அனுப்பிவைக்கிறேன்.