விடுகைப் பத்திரத்துக்குப் பின்

விடுதிப் பாடசாலையிலிருந்து நீக்கப்படும் மாணவன் வீட்டில் பெற்றோரின் நேரடிக் கண்காணிப்பில் திருந்திவிடுவான் என்று மாணவர் நீக்கம் பற்றிய இந்தக் கட்டுரை கூறுவதை, நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாண நகருக்குப் படிக்க அனுப்பப்பட்ட என் தம்பிக்கு நேர்ந்ததைக் கண்ட என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஐயா இறந்து நான்கு மாதங்களுக்குள், இரவில் மதிலேறிக் குதித்ததற்காகவும் சக மாணவன் ஒருவனை அடித்ததற்காகவும் 15 வயதில் அவன் நீக்கப்பட்டான், தகரப் பெட்டியோடு குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருந்தபோது அவன் என்னிடம் கேட்டது, "அம்மாவுக்கு என்ன அண்ணை சொல்லப்போறியள்?" என்பதை மட்டுமே. விடியுமுன் கூலி வேலைக்குப் புறப்படும் அம்மாவால் எந்தக் கண்காணிப்பைச் செய்திருக்க முடியும்? பாடசாலையை விட்டு விலகும்போது தரப்படும் விடுகைப் பத்திரத்தில் நடத்தை பற்றி எழுதப்பட்டிருந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் இரண்டு பாடசாலைகள் இடமில்லை என்றன. அடிபட்ட பிள்ளையின் பெற்றோரை யார் நினைப்பது என்று கட்டுரைக்கு எனக்கு முன் கருத்து எழுதிய ஒருவர் கேட்டிருப்பது மிக நியாயமானது, தம்பி தண்டிக்கப்பட்டதை நான் குறைகூறவில்லை. ஆனால் ஐயாவின் மறைவுக்குப் பிறகு அவன் இரவுகளில் உறங்குவதேயில்லை என்பதை அறிந்திருந்த விடுதிப் பொறுப்பாளர், நீக்கற் கடிதம் வரும்வரை எங்களுக்கு ஒரு வார்த்தையும் அறிவிக்கவில்லை. இலங்கையில் கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டிருக்கையில், இந்த வயதுப் பிள்ளையை வெளியேற்றும் பாடசாலை, அவன் அடுத்துச் சேரவேண்டிய இடத்தை வலயக் கல்விப் பணிமனையுடன் பேசி உறுதிசெய்த பின்னரே பத்திரத்தைக் கையளிக்க வேண்டும். தம்பி இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்த பிறகு, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவே சாதாரண தரப் பரீட்சை எழுதினான்.